அந்த 4 சுண்டு அரிசி யாருக்காக?

கேள்வி: எங்கள் வீட்டில் தீபாவளிச் சமையலில் பாதி ஒவ்வொரு வருடமும் மீந்துபோகிறது. சென்ற முறை ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி, ஒரு பானைச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, காலையில் அவித்த இட்லி, வடை என்று எல்லாமே மிச்சம். மாமி கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர் என்பதால் இறைச்சியை அன்றிரவோடு முடித்தாக வேண்டும். பிள்ளைகள் பழையதைத் தொடமாட்டார்கள். கணவர் மிச்சச் சோற்றைத் திருகோணமலைக் கோட்டையடிக்குக் கொண்டுபோய் மான்களுக்குப் போட்டுவிட்டு வந்தார். எல்லைவேலி பற்றிய ஒரு வாய்த்தர்க்கத்தின் பின் கணவரின் தமையன் குடும்பம் 3 வருடமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. இருந்தும் மாமி சொல்வதால் அவர்களுக்கும் சேர்த்து 4 சுண்டு அரிசி கூடுதலாகப் போடுகிறோம். (அவர்கள் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார்கள். தீபாவளி என்று தெரியும்தானே, தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.) வருகிற தீபாவளிக்கும் இப்படித்தான் மீதியாகும். மீந்த உணவைப் புதுவிதமாகச் செய்து பரிமாற வழிகள் சொல்வீர்களா?

— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுப்பு மூட்டவில்லை, ஆடு அடிக்கவில்லை, அரிசி கடையில் இருக்கிறது. அதற்குள் மிச்சத்துக்கு வழி கேட்டு எழுதிவிட்டீர்கள். மீதியாகும் என்பது இவ்வளவு உறுதியாகத் தெரிந்த பின்னும் அதே அளவு அரிசியை அளக்கப்போகும் வீட்டில் குறை சமையலில் இல்லை. கடிதத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

"தெரியும்தானே" என்கிறீர்கள். ஆம், தீபாவளி எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியும். நாட்காட்டி அவர்கள் வீட்டிலும் தொங்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பந்தியில் தங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை நாட்காட்டியைப் பார்த்து எவரும் அறிய முடியாது. செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போக வேண்டும், நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போக வேண்டும் என்பது நம்மவர்கள் எல்லோரும் அறிந்த முறை. கலியாண அட்டையைத் தபாலில் அனுப்பினாலே "வீட்டுக்கு வந்து சொல்லவில்லை" என்று மனம் கோணுகிற சனம் நாங்கள். அப்படியிருக்க, வாய்த்தர்க்கப்பட்டுப் பிரிந்த ஒரு மனிதர், இளையவன் வீட்டுப் படலையைத் தானாகத் திறந்துகொண்டு, மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வருவார் என்று 3 வருடமாக எதிர்பார்த்திருக்கிறீர்கள். எதிர்பார்த்தீர்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே அரிசியைப் போட்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் மாமியை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர், இளையவன் வீட்டில் இருக்கிறார். சாப்பாடும் மருந்தும் உங்கள் கையால் கிடைக்கும்போது, மூத்தவன் பெயரை அந்த வீட்டில் எடுப்பதற்கே அவர் நாலுமுறை யோசிக்க வேண்டும். "போய்க் கூப்பிடு" என்று மகனிடம் வாய்திறந்து கேட்க முடியாத தாய், அரிசியைக் கூட்டிப் போடச் சொல்கிறார். நீங்களோ அளவில் அவருக்குக் கீழ்ப்படிந்துவிட்டு, அவர் கேட்டதை விட்டுவிட்டீர்கள். அவருடைய விரதத்துக்காக இறைச்சிச் சட்டியை ஓரிரவில் அப்புறப்படுத்தத் தெரிந்த நீங்கள், அவர் பெற்ற பிள்ளைக்காக இரண்டு ஒழுங்கை நடந்துபோகத் தேவையில்லை என்று எழுதியதை மரியாதை என்று என்னால் ஏற்க முடியாது.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் வந்தாலும் ஏதோ கொஞ்சம் மீதியாகத்தான் செய்யும். ஆனால் மதியம் சமைத்த பானையை இரவுவரை அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டு, பிறகு அதற்குப் புதுவிதம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஐப்பசி மழைப் புழுக்கத்தில் மூடிய பானை மணிக்கணக்காக அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை, அது உண்டாக்கும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே "நன்றாகச் சூடாக்கிவிட்டேன்" என்ற சமாதானம் வெளியே கிடந்து பழுதான சோற்றுக்குப் பொருந்தாது. பந்தி முடிந்ததும், சமைத்து 2 மணித்தியாலத்துக்குள், சோற்றையும் கறியையும் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துப் பரப்பி, ஆவி அடங்கியதும் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய சட்டியை அப்படியே உள்ளே தள்ளினால் அதன் நடுப்பகுதி ஆறுவதற்கு நெடுநேரம் எடுக்கும். சோற்றை மறுநாளே முடியுங்கள். தேங்காய்ப்பால் விட்ட பாயாசத்தையும் சொதியையும் அன்றைக்கே குடித்து முடியுங்கள். அவற்றுக்கு மறுபிறவி கிடையாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புதிதாக வடித்து மீந்த சோறானால், ஆறியவுடன் மண்சட்டியில் போட்டு மூழ்கும்வரை தண்ணீர் விட்டு வையுங்கள். காலையில் அதைப் பிழிந்து, தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டால் அதற்குமேல் ஒரு புதுமையும் வேண்டியதில்லை. வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கத்தரிக்காய்க் குழம்பையும் மற்ற மரக்கறிகளையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு வற்றக் காய்ச்சினால் பழங்கறி ஆகும். உங்கள் பிள்ளைகள் பழையதைத் தொடமாட்டார்கள் என்கிறீர்கள். கோப்பையில் போட்டு மேசையில் வைத்தால் தொடமாட்டார்கள்தான். மறுநாள் பிரிட்ஜில் இருந்த சோற்றை ஆவி பறக்கச் சூடாக்கி, பழங்கறியோடு குழைத்து, உருண்டை பிடித்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, ஒவ்வொருவர் கையிலும் வைத்துப் பாருங்கள். அதை மாமியிடம் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. குழையல் சோறு உருட்டுவதற்குப் பழகிய கை அவருடையது.

பருப்பு கெட்டியாக இருந்தால், வெங்காயமும் கறிவேப்பிலையும் வெட்டிப் போட்டு, கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி சுடலாம். தண்ணீர் சேர்க்கவே தேவையிராது. இட்லியை உதிர்த்துக் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து உப்புமா ஆக்கலாம். வடையைச் சுடுதண்ணீரில் சிறிது ஊறவிட்டு, மெல்ல அமுக்கிப் பிழிந்து தயிரில் போடுங்கள்.

இறைச்சியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தீபாவளி கழிந்து ஓரிரு நாளில் கந்தசஷ்டி தொடங்கிவிடும். ஆறு நாள் விரதம் காக்கிறவரின் வீட்டில் பிரிட்ஜின் மேல்தட்டில் இறைச்சி ஒளித்து வைப்பது எனக்கும் உடன்பாடில்லை. மீந்த கறியில் எலும்பை நீக்கி, குழம்பு வற்றும்வரை பிரட்டி, சிறிதாகக் கிள்ளி, அவித்து மசித்த உருளைக்கிழங்கும் வதக்கிய வெங்காயமும் மிளகுதூளும் சேர்த்து உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லட். இடியப்பம் மிஞ்சியிருந்தால் அதை உதிர்த்து முட்டையோடும் கறியோடும் கொத்திவிடலாம். இரண்டும் அன்றிரவே முடிகிற வேலைகள். யூரியூப்பில் காட்டுவதுபோல் அதே கறியின் மேல் சீஸைத் தூவி வேறு பெயர் வைக்கும் விதங்களை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அயல் வீடுகளுக்குக் கொடுப்பதானால் பந்தியில் அகப்பை பட்டதைக் கொடுக்காமல், சமைத்து இறக்கியதும் முதலில் எடுத்து வைத்துக் கொடுங்கள். முஸ்லிம் அயலவருக்கு இறைச்சிக் கறியை அனுப்பி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். முறுக்கும் பயற்றம் பணியாரமும் அரியதரமும் எவர் வீட்டுக்கும் போகலாம், பல நாள் கெடாமலும் இருக்கும்.

மான்களின் கதைக்கு வருகிறேன். திருகோணமலையில் புள்ளிமான்கள் வீதியில் திரிவது வெளியூரவருக்கு வேடிக்கை, நமக்குப் பொறுப்பு. மான் இரைமீட்கும் விலங்கு. புல்லுக்கும் இலைக்கும் பழகிய அதன் வயிற்றில் சோறு குவியலாகச் சேர்ந்தால், மாப்பொருள் வேகமாகப் புளித்து அமிலம் பெருகி அது நோயில் விழும். சோற்றைச் சுற்றிக் கொண்டுபோன லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளை அங்கேயே எறிந்துவிட்டு வந்தால் உப்பும் எண்ணெயும் ஒட்டிய அந்தத் தாளையும் சேர்த்துத் தின்னும். உங்கள் கணவர் புண்ணியம் செய்ததாக எண்ணியிருப்பார். தமையனுக்கென்று தாய் போடச் சொன்ன சோற்றைத் தூக்கிக்கொண்டு கோட்டையடிவரை போகத் தெரிந்தவருக்கு, தமையன் வீடு தூரமாக இருந்திருக்கிறது! இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வேலித் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதைத் தீர்க்க நில அளவையாளர் இருக்கிறார், உறுதிப் பத்திரம் இருக்கிறது, வேண்டுமானால் மத்தியஸ்த சபை இருக்கிறது. தாய் உயிரோடு இருக்கும்போது உடன்பிறந்தவர்கள் ஒரே பந்தியில் இருப்பது வேறு காரியம். அதை வேலியின் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போட இருவருக்கும் உரிமை இல்லை. முதலில் படி ஏற வேண்டியவர் இளையவர். மூத்தவர் பிழை செய்திருந்தாலும் அப்படித்தான். இதைப் பழைய காலத்து எண்ணம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்; தாயை வைத்துப் பார்க்கும் பாக்கியம் இளையவருக்குக் கிடைத்திருக்கிறது, அந்த வீட்டுக்கு மூத்தவரை அழைக்கும் கடமையும் அவருடையதுதான்.

ஆகவே தீபாவளிக்கு ஒரு கிழமை முன்னதாக, உங்கள் கணவர் தாயையும் கூட்டிக்கொண்டு, நீங்களும் சேர்ந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அங்கே போங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்புவது அதைவிட மோசம். பேச்சு வேலிக்குத் திரும்பினால் "அதைப் பிறகு கதைப்போம், அம்மா உங்களோடு சாப்பிட ஆசைப்படுகிறா" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். தமையனின் மனைவியை நீங்கள் தனியாக அழைக்க வேண்டும், ஏனெனில் கணவன்மார் தலையாட்டிய எத்தனையோ அழைப்புகள் குசினியில் நின்றுபோயிருக்கின்றன. தேநீர் தந்தால் குடித்துவிட்டு எழும்புங்கள்.

அதன் பின்னும் அவர்கள் வராவிட்டால், தீபாவளியன்று உங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிட உட்காருமுன் அவர்களுடைய பங்கைச் சூட்டோடு எடுத்து, நல்ல பாத்திரத்தில் மூடி, மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் மிச்சமாகக் கொண்டுபோவது இருக்கிற பகைக்கு மேல் இன்னொரு அவமானத்தைச் சேர்க்கும். அந்தப் பாத்திரமும் திரும்பி வந்தால், அடுத்த வருடம் அரிசியைக் குறைப்பது பற்றி மாமியோடு பேசலாம், அதற்குமுன் பேசாதீர்கள்.

அப்போதும் ஒரு வாய்ப்பு மீதமிருக்கும். சூரன்போர் முடிந்து மறுநாள் மாமி பாறணை செய்வார் அல்லவா? ஆறு நாள் விரதமிருந்த தாய் வாய்க்குச் சோறு வைக்கும் அந்தப் பந்திக்கு, தீபாவளிக்கு வராத மகனும் வருவதற்குச் சம்மதிக்கக்கூடும். அதற்கும் நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். பாறணை பல வீடுகளில் அதிகாலையிலேயே முடிந்துவிடுவதால், எத்தனை மணிக்கு என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.