பகுதிகள் வேறுபடும் பின்னங்களை நேரடியாகக் கழிக்க முடியாதது ஏன்?

பின்னத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும் பகுதி, ஒரு முழுமை எத்தனை சம துண்டுகளாக வெட்டப்பட்டது என்பதையும், மேலே நிற்கும் தொகுதி, அவற்றில் எத்தனை எடுக்கப்பட்டன என்பதையும் சொல்கின்றன. 3/4 இலிருந்து 1/6 ஐக் கழிக்கும்போது துண்டுகளின் அளவே வேறாக இருப்பதால், எண்ணிக்கையை மட்டும் கழிப்பதில் பொருளில்லை. முக்கால் ஆண்டிலிருந்து ஆறில் ஒரு பங்கு ஆண்டைக் கழிக்கச் சொன்னால் சற்றுத் தயங்குவோம். அதையே 9 மாதங்களிலிருந்து 2 மாதங்கள் என்று கேட்டால், 7 மாதங்கள் என்று உடனே சொல்லிவிடுவோம். மாதம் இங்கே செய்த வேலையைத்தான் 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12 செய்கிறது: 9/12 − 2/12 = 7/12. (பகுதிகளைப் பெருக்கி 24 என்று வைத்தாலும் தவறில்லை, 14/24 என்ற விடையைச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான்.) மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கழிக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர், அப்படிச் செய்தால் 2/(−2), அதாவது −1 கிடைக்கும், ஆனால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் குறை எண் வரவே வராது.