நீக்கிவிட்டேன், அது போதாதா?

கேள்வி: எனக்கு 54 வயது. கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். குலதெய்வக் கோயில் திருப்பணிக்காக என் கணவர் வழிப் பங்காளிகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் 140 பேர் இருக்கிறோம். சென்ற மாதம், ஒரு கட்சித் தலைவர் விவசாயிகளைக் கேவலமாகப் பேசியதாக, நாங்கள் தினமும் பார்க்கும் செய்தித் தொலைக்காட்சியின் முத்திரையோடு ஒரு நியூஸ் கார்டு எனக்கு வந்தது. ஆத்திரம் தாங்காமல், நானும் நாலு வரி கடுமையாக எழுதி அதைக் குழுவில் போட்டேன். கல்லூரியில் படிக்கும் என் கொழுந்தனார் மகன், 'பெரியம்மா, இது போலி கார்டு' என்று எல்லோர் முன்னாலும் எழுதினான். 'உனக்கு என்ன தெரியும்' என்று அவனைத் திட்டிவிட்டேன். மறுநாள் அந்தத் தொலைக்காட்சியே, அது தாங்கள் வெளியிட்டதல்ல என்று அறிவித்துவிட்டது. என் பதிவை நீக்கிவிட்டுக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். அதற்குள் பங்காளி ஒருவர் என் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார். அந்தக் கட்சிக்காரர்கள் என் கணவரை வழிமறித்துக் கேட்கிறார்கள். நீக்கியது போதாதா? வலியப் போய் மன்னிப்புக் கேட்டால் வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேனா? ஒரு தலைவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித்தான் தெரிந்துகொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீக்கியது சரி, ஆனால் அது போதாது. அந்தக் கார்டைப் படித்த 140 பேரில், நீங்கள் அதை நீக்கியதற்கான காரணம் எத்தனை பேருக்குத் தெரியும்? 'இந்தப் பதிவு நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியைப் பார்த்தவர்களில் சிலர், யாரோ மிரட்டியதால் நீக்கிவிட்டீர்கள் என்றுகூட எண்ணியிருக்கலாம். அப்படி எண்ணியவர் மனத்தில் அந்தப் பொய் இன்னும் உறுதியாகத்தான் பதிந்திருக்கும். நீங்கள் குழுவை விட்டு வெளியேறியதும், உண்மையைச் சொல்லக் கடமைப்பட்ட ஒரே ஆளும் அங்கே இல்லாமல் போய்விட்டது.

முதலில் நீங்கள் ஏமாந்த விதத்தைப் பார்ப்போம். நியூஸ் கார்டு நம் ஊரில் பழைய காலத்து வால்போஸ்டரின் வேலையைச் செய்கிறது: ஒரு முகம், ஒரு முத்திரை, மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி. இவ்வளவு எளிய வடிவம் என்பதால், கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பத்து நிமிடத்தில் ஒன்றைச் செய்துவிட முடியும். முத்திரையும் வண்ணப் பட்டையும் உண்மையான கார்டிலிருந்தே வெட்டி எடுக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் வாசகம் மட்டும் மாற்றப்படுகிறது. கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் தையல் தெரியும். எழுத்துரு சற்றே தடித்திருக்கும், ஒற்று விடுபட்டிருக்கும், மூலையில் இருக்கவேண்டிய தேதி மங்கியிருக்கும் அல்லது இல்லவே இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த பதிவின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். ஆனாலும் இவற்றை நம்பி முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் தையலை மறைத்துவிடுகிறார்கள். அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. உங்கள் கொழுந்தனார் மகன் அதைத்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒருவர் ஒன்றைச் சொன்னார் என்றால், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் இடத்தில், யாரோ சிலர் கேட்கத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாள், இடம், கேட்டவர் ஆகிய மூன்றையும் கேட்டுப் பழகினாலே பாதி மேற்கோள்கள் உதிர்ந்துவிடும்.

மெக்காலே பிரபுவின் பெயரில் சுற்றும் ஒரு வாசகம் உங்களுக்கும் வந்திருக்கும். இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை முறித்தால்தான் நாம் ஆள முடியும் என்று, 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசியதாக அது சொல்கிறது. பட்டிமன்ற மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் இதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் மெக்காலே 1834 ஜூனிலேயே சென்னையில் வந்து இறங்கிவிட்டார். அங்கிருந்து பல்லக்கில் உதகமண்டலம் போய், அங்கே தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார். பிறகு கல்கத்தாவுக்குச் சென்று 1838 வரை இந்தியாவிலேயே இருந்தார். கல்கத்தாவில் இருந்த மனிதர் அதே நாளில் லண்டனில் எழுந்து நின்று பேசியிருக்க முடியாது. அந்தத் தேதியில் அவர் எழுதியது ஆங்கிலக் கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பு. நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு, இந்தியாவும் அரேபியாவும் படைத்த இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்று அவர் சொன்னது அதில்தான். அவருடைய இறுமாப்பைக் காட்ட அந்த உண்மையான வரியே தாராளமாகப் போதும். பொய் வாசகத்தைப் பரப்பியவர்கள், மெக்காலேயைக் கண்டிக்கக் கையில் இருந்த நல்ல சான்றைத் தாங்களே கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று நம் காலத்தில், நம் கண்முன் நடந்தது. 2020 ஜனவரி 14 அன்று சென்னையில் துக்ளக் இதழின் 50ஆம் ஆண்டு விழா நடந்தது. அதில் பேசிய நடிகர் ரஜினிகாந்த், 1971இல் சேலத்தில் பெரியார் நடத்திய ஊர்வலத்தில் இராமர், சீதை உருவங்கள் ஆடையில்லாமல், செருப்பு மாலையோடு கொண்டுசெல்லப்பட்டதாகக் குறிப்பிட்டார். பெரியார் இயக்கத்தவர்கள் அதை மறுத்தார்கள், காவல் நிலையங்களில் புகார் கொடுத்தார்கள், மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 21 அன்று, போயஸ் தோட்டத்து வீட்டு வாசலில் செய்தியாளர்களைச் சந்தித்த அவர், அவுட்லுக் இதழில் 2017இல் வெளியான கட்டுரையின் நகலைக் கையில் பிடித்துக் காட்டி, இல்லாததைத் தான் சொல்லவில்லை என்றும், வருத்தமோ மன்னிப்போ தெரிவிக்க முடியாது என்றும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் ட்விட்டரிலும் முகநூலிலும் இரு தரப்பாரும் பழைய இதழ்ப் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த இதழ், எந்தத் தேதி என்று தெரியாதபடி வெட்டப்பட்ட படங்களும் அவற்றில் இருந்தன.

அந்தச் சண்டையில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். 1971 ஜனவரியில் நடந்த ஒன்றுக்கு 2017இல் அச்சான பக்கம் சான்றாகாது. அது 46 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நினைவு. அன்று ஊர்வலத்தில் நடந்தவர்கள் இப்போது சொல்வதற்கும் இதே அளவுகோல்தான். அவர்கள் சொல்வதையும் மறுநாள் அச்சான செய்திகளோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த மறுநாள் செய்திகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று சொல்லிவிட முடியாது. நாளிதழுக்கு ஊருக்கு ஒரு பதிப்பு உண்டு. ஓர் ஊர்ப் பதிப்பில் அரைப் பக்கம் வந்த செய்தி, இன்னோர் ஊர்ப் பதிப்பில் நான்கு வரியாகச் சுருங்கியிருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். 'எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை' என்று யாராவது சொன்னால், எத்தனை பத்திரிகைகளை, எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இவற்றையெல்லாம் போய்ப் பார்க்க இடம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய நாளிதழ்த் தொகுப்புகளைப் புரட்டி உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தாள் பழுத்துப்போய், திருப்பும்போது ஓரம் அப்பளம்போல் நொறுங்கி மடியில் விழும். தேடிப் போன செய்தி கிடைக்காமல் திரும்பிய நாட்களே அதிகம். கிடைத்தபோதோ, நான் அதுவரை நம்பியிருந்ததிலிருந்து ஏதாவது ஒரு விவரமாவது மாறியிருக்கும். சிற்றூரில் இருக்கும் நீங்கள் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய தலைவர்களின் பேச்சு பெரும்பாலும் முழுமையாக யூடியூபில் இருக்கிறது. அரை நிமிடத் துண்டு வந்தால் முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் இந்தச் சரிபார்ப்பைத் தொடர்ந்து செய்கின்றன. தமிழக அரசும் ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை வைத்திருக்கிறது. ஆனால் அரசே சம்பந்தப்பட்ட விவகாரத்தில் அரசின் பிரிவு சொல்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது என் கருத்து.

வம்பில் மாட்டிக்கொள்வேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் அவதூறு இன்றும் குற்றம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அது இருக்கிறது. 'நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன்' என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம் என்பதற்கு நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கைப் பாருங்கள். 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதியதை அவர் முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி, நீக்கி, மன்னிப்பும் கேட்டார். முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று கூறியது. வழக்கை ரத்து செய்யக் கோரி அவர் 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

உங்களைக் கலங்கடிக்க இதைச் சொல்லவில்லை. அவர் லட்சக்கணக்கானோர் அறிந்த மனிதர், பொதுவெளியில் பகிர்ந்தார். நீங்கள் உறவினர் குழுவில் பகிர்ந்தீர்கள். ஆனாலும் அந்த நான்கு வரி உங்கள் சொந்த வரி என்பதை மறக்க வேண்டாம். இதுவரை புகாரோ வக்கீல் நோட்டீஸோ வந்திருந்தால், நீங்கள் எழுதப்போகும் விளக்கத்தை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எதுவும் வரவில்லை என்றால் தாமதிக்காமல் எழுதிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான் உதவி ஆசிரியராக இருந்தேன். கைதான ஒருவரின் செய்தியில், அதே பெயர் கொண்ட பக்கத்து ஊர் ஊராட்சித் தலைவரின் படம் தவறுதலாக அச்சாகிவிட்டது. செய்தி மூன்றாம் பக்கத்தில், மூன்று பத்தி அகலத்தில் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து நாங்கள் போட்ட 'திருத்தம்' ஒன்பதாம் பக்கத்தில், வரி விளம்பரங்களுக்குக் கீழே, நான்கு வரி. அதற்கு அடுத்த வாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் விரித்தார். பெரியது நான்காக மடிந்திருந்தது, சிறியதை மடிக்கவே தேவைப்படவில்லை. "இதைப் பார்த்தவங்க எல்லாரும் இதையும் பார்த்திருப்பாங்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவன் நான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே உங்கள் திருத்தமும் அந்த மூன்றாம் பக்கத்திலேயே, அதே அளவில் வரட்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்ற வகை வாக்கியமும் வேண்டாம், அது தவற்றை எதிராளியின் மனத்தின் மேல் ஏற்றிவிடும். இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் நான் இந்தக் குழுவில் பகிர்ந்த நியூஸ் கார்டு போலியானது. அந்தத் தலைவர் அப்படிப் பேசவில்லை என்று தெரிந்துகொண்டேன். சரிபார்க்காமல் பகிர்ந்ததும், அதனுடன் நான் எழுதிய வரிகளும் தவறு. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்." இந்த உதாரணத்தில்கூட ஒரு கவனம் தேவை: போலி கார்டு என்பது உறுதி, ஆனால் அவர் வேறெங்கும் அப்படிப் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், 'அந்தத் தொலைக்காட்சி அப்படி ஒரு செய்தியை வெளியிடவில்லை' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தலைவரின் அரசியல் உங்களுக்குப் பிடிக்காது என்றால், அந்தக் கருத்தில் அணுவளவும் மாற வேண்டியதில்லை. அவர் உண்மையிலேயே சொன்னதையும் செய்ததையும் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்ட பங்காளிக்குப் பதில் பதிவு போட்டுச் சண்டையைப் பொதுவில் வளர்க்காதீர்கள். உங்கள் கணவரை அவர் வீட்டுக்கு நேரில் போகச் சொல்லுங்கள். படத்தை எடுத்துவிடும்படியும், எடுக்க மனமில்லை என்றால் உங்கள் திருத்தத்தை அதன் கீழேயே போடும்படியும் கேட்கட்டும். வழிமறித்துக் கேட்கும் கட்சிக்காரர்களிடமும் அவர் அந்தத் திருத்தத்தைக் காட்டட்டும். அவர்கள் மிரட்டினால் அது வேறு விஷயம். அதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் உங்களை அவமானப்படுத்தவில்லை, 'பெரியம்மா' என்று அழைத்துத்தான் சொன்னான். எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினீர்கள் அல்லவா, திருத்தத்தின் கடைசி வரியில், அவன் சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் எழுதுங்கள். இன்று மாலையே அவனுக்குப் போன் செய்து, உங்களை அந்தக் குழுவில் மறுபடி சேர்த்துவிடச் சொல்லுங்கள்.