கோழித்தீவனம்: மூட்டையா, பத்து கிலோவா?

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறோம். எட்டு நாட்டுக்கோழிகள், பகலெல்லாம் விளையில் (தோப்பில்) மேயும். மிச்சச் சோறு, அவித்த மரச்சீனி (மரவள்ளி) போக, முட்டைக்கோழிக்கான லேயர் தீவனமும் தட்டு நிறைய வைக்கிறோம். கோழி கொழுக்கிறது, முட்டை குறைகிறது. 50 கிலோ மூட்டையாக எடுத்தால் விலை குறையும் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அடைத்தே வளர்க்கும் முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தேவை. உங்கள் கோழிகள் புழு, கறையான், புல் என்று பாதி இரையை விளையிலேயே தேடிக்கொள்ளும். தலைக்கு 50 கிராம் போதும், எட்டுக்கும் சேர்த்து 400 கிராம். அப்படிப் போட்டால் 50 கிலோ தீர நாலு மாதம் ஆகும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊர் ஈரத்தில் அதற்குள் மூட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை விடும் அஃப்லடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. பத்து கிலோ வாங்குங்கள், 25 நாளில் தீர்ந்துவிடும்.

அளவுக்கு ஒரு சிரட்டை போதும். பலசரக்குக் கடைத் தராசில் 200 கிராம் தீவனத்தை நிறுத்து, அது சிரட்டையில் எதுவரை வருகிறதோ அங்கே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, அடைவதற்கு முன் ஒன்று. அரை மணி நேரத்தில் தின்று முடிக்காவிட்டால் மறுநாள் குறையுங்கள். அடையும் நேரத்தில் கழுத்தடி இரைப்பையைத் தடவினால் புடைத்திருக்க வேண்டும், காலையில் வற்றியிருக்க வேண்டும்.

சோறும் மரச்சீனியும் வெறும் மாவுச்சத்து. கோழி கொழுப்பது பெரும்பாலும் அதனால்தான். ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். பச்சை மரச்சீனித் தோலும் இலையும் ஆகவே ஆகாது, சயனைடு உண்டு. உப்புக் கருவாட்டுத் தலையும் வேண்டாம். அப்புறம், அடை இருக்கும் கோழியும் இறகு உதிர்க்கும் கோழியும் எந்தத் தீவனம் போட்டாலும் முட்டை இடாது. அதற்குத் தீவனத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: குஞ்சுகளுக்கும் அதே லேயர் தீவனத்தைப் போடலாமா?

பதில்: கூடாது. முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புச்சத்து அதில் அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. எட்டு வாரம் வரை ஸ்டார்ட்டர் என்கிற குஞ்சுத் தீவனம், பிறகு முட்டைப் பருவம் வரை குரோயர் என்கிற வளரும் கோழித் தீவனம். பெரிய கோழிகளுக்குக் கூடுதல் சுண்ணாம்பு வேண்டுமானால், குளச்சல் சிப்பி சமைக்கிற வீட்டில் ஓட்டுக்கா பஞ்சம்? கழுவி, காயவைத்து, இடித்துத் தனித்தட்டில் வையுங்கள்.

கேள்வி: வாங்கிய பையில் தீவனம் கட்டி கட்டியாக, புழுங்கல் வாடையோடு இருந்தது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: கோழிக்குப் போடாதீர்கள், கொட்டவும் வேண்டாம். பையின் தையல், தயாரிப்புத் தேதி, கட்டிகள் எல்லாம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். சில்லறையாக அளந்து வாங்கினால் தேதியும் தெரியாது, தீவனம் எந்த வகை என்பதும் தெரியாது. தைத்த சிறு பையாகக் கேளுங்கள், பில்லையும் கையோடு வாங்குங்கள்.