ஹால்ஸ்டாட்டுக்கு ஒரே நாளில் போய்வர: கேள்வி பதில்

ஆஸ்திரியாவில், டாக்ஸ்டைன் மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமம் ஹால்ஸ்டாட். ஏறக்குறைய 750 பேர் வாழும் ஊர். போய்வருவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

செந்தில்: சால்ஸ்பர்க்கில் தங்குகிறோம். ரயிலில் போவதா, பஸ்ஸிலா?

எப்படிப் போனாலும் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். ரயில் என்றால் ஆட்நாங்-புக்ஹைமில் இறங்கி மாற வேண்டும். அங்கே அறிவிப்புப் பலகையில் ஹால்ஸ்டாட் என்று தேடாதீர்கள். அது நடுவில் வரும் சின்ன நிறுத்தம். ஸ்டைனாக்-இர்ட்னிங் போகும் வண்டியைப் பிடியுங்கள். பஸ் என்றால் 150-ஆம் எண் வண்டியில் பாட் இஷ்ல் வரை ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து அதே ரயிலில் அரை மணிக்குள்.

போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பாதையும் பார்த்த மாதிரி ஆகும். ரயிலில் கிமுண்டன் தாண்டி எபென்சே வரை இடப்பக்க ஜன்னலில் டிரவுன் ஏரி வரும். ஹால்ஸ்டாட் ஏரி வலப்பக்கம். பாட் இஷ்லில் இடம் மாறி உட்கார்ந்துவிடுங்கள்.

கவிதா: ஸ்டேஷனில் இறங்கி ஊருக்கு நடந்து போய்விடலாமா அண்ணா?

முடியாதும்மா. ஸ்டேஷன் கிழக்குக் கரையில், ஊர் மேற்குக் கரையில். நடுவில் 125 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி. 1890 வரை ஊருக்குள் வண்டிப் பாதையே கிடையாது. படகு அல்லது ஒற்றையடிப் பாதைதான்.

ரயில் வரும் நேரத்துக்குப் படகு நிற்கும். பத்து நிமிடப் பயணம். ரயில் டிக்கெட்டில் இது சேராது, தனியாக எடுக்க வேண்டும். அட்டையை நம்பாமல் யூரோவாகக் கையில் வைத்திருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். ரயில் இரவிலும் ஓடும், படகு ஓடாது. ஊரில் கால் வைத்ததுமே படகுத்துறைப் பலகையில் கடைசிப் படகின் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ஊரின் தென்பகுதியான லானில் உள்ள நிறுத்தத்தில் 543 பஸ் இருக்கிறதா பாருங்கள். பக்கத்து ஊரான ஓபர்டிரவுன் ஸ்டேஷனில் விடும். அதுவும் இரவில் கிடைக்காது. பிறகு டாக்ஸிதான்.

ராஜேஷ்: எல்லோரும் எடுக்கிற அந்த போட்டோ எங்கே நின்று எடுப்பது? எத்தனை மணிக்கு?

படகுத்துறையிலிருந்து வடக்கே ஏரியோரத் தெருவில் சில நிமிடம் நடந்து, ஊரைத் திரும்பிப் பாருங்கள். ஊசிக் கோபுரம் வைத்த புராட்டஸ்டண்ட் தேவாலயமும் ஏரியும் ஒரே சட்டத்துக்குள் வரும். காலையில் போங்கள். மலை ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது, அதனால் கிழக்கு வெயில் வீடுகளின் முகத்தில் நேராக விழும். மதியம் சாய்ந்தால் ஊர் நிழலுக்குள் போய்விடும். எதிர்க்கரை மட்டும் பளிச்சென்று இருக்கும். குளிர்காலத்தில் வெயில் பெயருக்குத்தான்.

அந்த இடம் குடியிருப்பு. கூட்டமும் கூச்சலும் தாங்காமல் 2023-இல் அங்கே மரத்தடுப்பு வைத்து, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். வீட்டுப் படியில் ஏறி நிற்காதீர்கள்.

மீனா: உப்புச் சுரங்கத்துக்கு நேரம் ஒதுக்கலாமா? 3 வயதுக் குழந்தை இருக்கிறது.

4 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நீங்களும் கணவரும் மாறி மாறித்தான் போக முடியும். விஞ்ச் ரயிலில் ஏறி, நடந்து, சுற்றிப் பார்த்து இறங்க மூன்று மணி நேரம் போய்விடும். ஒருநாள் பயணத்தில் அது பாதி. எனவே குழந்தையோடு மேலே போய், ஊருக்கு 350 மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கைவாக் என்ற பார்வை மேடையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். விஞ்ச் ரயில் சீசனுக்கும் பராமரிப்புக்கும் நிறுத்தப்படுவதுண்டு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் மட்டும் என்றால் சுரங்கத்தை விடாதீர்கள். இங்கே உப்பெடுப்பது 7000 ஆண்டுப் பழக்கம். கி.மு. 1344-இல் வெட்டிய மரத்தில் செய்த படிக்கட்டு, உப்பு காத்ததால் மட்காமல் கிடைத்திருக்கிறது. உள்ளே கோடையிலும் 8 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். 64 மீட்டர் மரச்சறுக்கில் போகும்போது காலை விரித்து வேகத்தைக் குறைக்க முயலாதீர்கள். பின்னால் சாய்ந்தால் போதும்.

ஃபாத்திமா: எலும்பு வீடு என்கிறார்களே, பயமாக இருக்குமா?

பயம் வராது, பொறுமையாகப் பார்த்தால் மனசு கனக்கும். கத்தோலிக்கக் கோவிலை ஒட்டிய சின்ன அறை; சுமார் 1200 மண்டை ஓடுகள், அதில் 610 வண்ணம் தீட்டியவை. பாறைக்கும் ஏரிக்கும் நடுவே கல்லறைக்கு இடமில்லை. அதனால் அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் குழியைத் திறந்து, மண்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் வாரக்கணக்கில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயரும் பூக்களும் இலைகளும் எழுதினார்கள். கடைசியாக 1995-இல் சேர்ந்த ஓட்டில் தங்கப் பல் இருக்கும், தேடிப் பாருங்கள். கோவிலுக்குப் படிகள் அதிகம், முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும்.

அருண்: வியன்னாவிலிருந்து ஒரே நாளில்?

ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம். வேண்டாம்.

சுந்தரம்: காரில் வருகிறோம் சார்.

சால்ஸ்பர்க்கிலிருந்து பி158 சாலையில் பாட் இஷ்ல் வழி வந்தால் எக்ஸ்பிரஸ்வே சுங்கத்துக்கான ஸ்டிக்கர் தேவையில்லை. பகலில் ஊருக்குள் வெளியூர்க் காரை விடமாட்டார்கள். வெளியே பார்க்கிங் கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும், ஒன்பதுக்குள் சேருங்கள். இல்லையென்றால் ஓபர்டிரவுனில் நிறுத்தி பஸ்ஸில் வாருங்கள்.

லதா: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

காஸ்நோக்கன் கேளுங்கள், மாவு உருண்டையில் மலைச்சீஸ் போட்டது; மாவில் முட்டை உண்டு. கைசர்ஷ்மாரன் இனிப்பிலும் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மாட்டெலும்புச் சாறா என்று கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக்கடைகள் பூட்டியிருக்கும். குழந்தைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே சால்ஸ்பர்க்கில் வாங்கி எடுத்து வாருங்கள். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.