ஒரு யூரோ வீடும் நிலாவில் மனையும்

கேள்வி: இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு, ஜப்பானில் சும்மாவே வீடு, நிலாவில் மனை என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. நிலம் என்றைக்கும் விலை குறையாத சொத்து என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவையெல்லாம் வெறும் ஏமாற்று வேலைதானே?

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். முதல் இரண்டும் நிஜம். மூன்றாவது வெறும் காகிதம். ஆனால் எனக்கு உறுத்துவது, 'என்றைக்கும் விலை குறையாத சொத்து' என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான். விலை மண்ணில் இல்லை. அந்த மண்ணின் மேல் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையிலும், கூடவே தலையில் ஏற்றும் பொறுப்பிலும் இருக்கிறது. பொறுப்பு கூடிப்போனால் எந்த வீடும் செல்லாக்காசுதான்.

ஜப்பானைப் பாருங்கள். 2023-இல் அரசு எடுத்த கணக்கின்படி, வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருப்பவற்றையும் சேர்த்து, ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். மக்கள்தொகை சுருங்குவது தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது. மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டுகள் என்பது அங்கே வரிக் கணக்கு. சந்தையும் வங்கிகளும் கிட்டத்தட்ட அதையே பிடித்துக்கொண்டதால், இருபது இருபத்தைந்து வருடம் ஆன மரவீட்டுக்குப் பெரும்பாலும் மதிப்பே போடுவதில்லை. மனைக்கு மட்டும்தான் விலை.

சரி, பாழடைந்த வீட்டை இடித்துவிட்டு மனையை வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். வீடு நிற்கும் மனையில் முதல் 200 சதுர மீட்டருக்கு, சொத்து வரி கணக்கிடும் மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறார்கள். வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். இடிக்கவும் செலவு, இடித்த பிறகு வரியும் கூடும். அப்புறம் யார் இடிப்பார்கள்? கூரை உள்ளே விழும்வரை அப்படியே விட்டுவைக்கிறார்கள். மோசமான நிலையில் இருக்கும் வீடுகளுக்குச் சலுகையை நிறுத்த, 2015-இல் நடைமுறைக்கு வந்த ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது.

நிலத்தின் கதையும் அதேதான். பெற்றோர் இறந்த பிறகு வாரிசுகள் பெயர் மாற்றாமலே விட்டு, அவர்களுடைய பிள்ளைகளும் விட்டு, உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலம் 2016-இல் சுமார் 41 லட்சம் ஹெக்டேர் என்று மதிப்பிட்டார்கள். கியூஷு தீவு முழுவதையும்விட அது பெரிது. இப்போது, 2024 ஏப்ரல் முதல், மூன்று ஆண்டுக்குள் பெயர் மாற்றுவது கட்டாயம். தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். வேண்டாத வாரிசு நிலத்தை அரசிடமே ஒப்படைக்க 2023-இல் வழி செய்தார்கள். ஆனால் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மேலே கட்டடம் இருக்கக் கூடாது, கூடவே ஒரு தொகையும் கட்ட வேண்டும். நிலத்தையும் கொடுத்து, அதை வாங்கிக்கொள்ளப் பணமும் கொடுக்கிறார்கள். விலை குறையாத சொத்து என்ற பேச்சை அந்த வாரிசுகளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இத்தாலியின் ஒரு யூரோவும் இந்த வகைதான். சிசிலியின் முஸ்ஸொமேலி போன்ற ஊர்களில், இத்தனை ஆண்டுக்குள் வீட்டைச் செப்பனிட்டு முடிப்பேன் என்று எழுதிக்கொடுத்து, முன்பணமும் கட்ட வேண்டும். பல ஊர்களில் கெடு மூன்று ஆண்டு, முன்பணம் ஐயாயிரம் யூரோ. கெடு தவறினால் அந்தப் பணம் போகும். நீங்கள் வாங்குவது ஒரு கட்டட வேலையை.

நிலாவுக்கு வருவோம். 1980 முதல் அமெரிக்காவில் ஒருவர் அங்கே மனை விற்றுக்கொண்டிருக்கிறார். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலாவைத் தனக்குச் சொந்தமென்று கொண்டாட முடியாது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு யார் பத்திரம் பதிவு செய்வது? தகராறு வந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இடம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, உரிமைதான் இல்லை.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் இது தலைகீழ். அங்கே ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்று நகர விதி அளவு வைத்திருக்கிறது. கட்டாமல் விட்ட அளவைச் சில நிபந்தனைகளோடு பக்கத்து மனைக்கு விற்கலாம். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் கோபுரம் எழுப்ப நகரம் அனுமதி மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் நகரமே வென்றது. கட்டாத உயரத்தை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த வெற்றுக் காற்றுக்கு இன்று கோடிக்கணக்கான டாலர் விலை. அப்படிக் காற்றை விற்றுவிட்ட மனையை நாளைக்கு வாங்குபவர், அதற்குமேல் உயர்த்திக் கட்ட முடியாது என்பதையும் சேர்த்தே வாங்குகிறார்.

இந்த உரிமைக்குக் காலாவதியும் உண்டு. சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3-இல் 191 வரிசை வீடுகள் 60 ஆண்டுக் குத்தகை நிலத்தில் இருந்தன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி குத்தகை முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பிப் போனது, இழப்பீடு எதுவும் இல்லாமல். ஒப்பந்தத்தில் இருந்ததுதான் நடந்தது.

தென் கொரியாவின் கதைதான் என்னை உண்மையில் கோபப்படுத்துகிறது. அங்கே 'ஜொன்ஸே' என்றொரு ஒத்தி முறை உண்டு. வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் பொதுவாக இரண்டு ஆண்டு குடியிருக்கலாம். காலி செய்யும்போது பணம் முழுதும் திரும்ப வர வேண்டும். குடிவந்ததை அரசு அலுவலகத்தில் பதிந்தால்தான் குடியிருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு மறுநாள் தொடங்கும் நள்ளிரவில்தான் உயிர் பெறும். வீட்டுக்காரர் எடுக்கும் அடமானமோ பதிவான அன்றே செல்லும். காலையில் ஒத்திப் பணத்தை வாங்கிக்கொண்டு, அன்று மாலையே வீட்டை அடமானம் வைத்தால் கடன் கொடுத்தவர் முன்வரிசையில் நிற்பார். ஏலத்தில் அவர் எடுத்தது போக மிச்சம்தான் குடியிருந்தவருக்கு.

வீட்டு விலை சரிந்த 2022, 2023-இல் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளைஞர்கள், பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் நின்றார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, ஏலத்துக்கு வரும் அந்த வீட்டை வாங்க அவர்களுக்கு முன்னுரிமையும் குறைந்த வட்டிக் கடனும் கொடுத்தது. சேமிப்பை எல்லாம் கொட்டிக் குடியேறிய வீட்டையே, இன்னொரு கடன் வாங்கி ஏலத்தில் எடுக்கச் சொன்னார்கள். இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.