மாடிப்படிக்கு வந்த நோட்டீஸும் மீதமிருக்கும் பதினெட்டு நாளும்

கேள்வி: நான் தென் மாவட்ட நகரம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். 1,800 சதுர அடி மனையில் 1994-இல் முறையாக வரைபட அனுமதி பெற்றுத் தரைத்தளம் கட்டினேன். மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புவதால், மாடியில் குளியலறையுடன் 420 சதுர அடியில் ஓர் அறை எழுப்பினேன். உள்ளே இடமில்லாததால் பக்கவாட்டில் இருந்த 5 அடிச் சந்தில் மாடிப்படி அமைத்தேன். சாரல் அடிக்காமலிருக்கக் காம்பவுண்டுச் சுவரின் மேலேயே செங்கல் சுவரை உயர்த்தித் தகடு வேய்ந்து, படிக்கு அடியில் ஒரு கழிப்பறையும் கட்டிவிட்டேன். மாடியறையில் பூச்சு வேலை மட்டும் பாக்கி. வீட்டைச் சீர்செய்வதற்கு அனுமதி எதுவும் வேண்டாம் என்று மேஸ்திரியும் கவுன்சிலரும் சொன்னார்கள். என் மகள் திருமணத்தில் பந்தி விசாரித்த பக்கத்து வீட்டுக்காரர், முருங்கைக் கிளையை வெட்டிய தகராறில் பகையாகி மாநகராட்சியில் புகார் செய்துவிட்டார். வேலையை நிறுத்தவும் 30 நாட்களுக்குள் கட்டுமானத்தை அகற்றவும் சொல்லி, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்கீழ் 12 நாட்களுக்கு முன் நோட்டீஸ் வந்தது. அவரும் தம் வீட்டுச் சந்தை மூடித்தான் கார் நிறுத்துகிறார். அவர்மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது. இந்த விவகாரத்தில் சட்டத்துக்கு அவர் தேவையே இல்லை. புகார் செய்தவர் பகைவரா, பந்தி விசாரித்தவரா என்பதை எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. நீங்கள் கட்டியவற்றுள் இன்றைய விதிகளின்படி நிற்கத் தகுந்தது எது, நிற்க முடியாதது எது என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்குப் பதில் கண்டு உரிய மனுவைக் கொடுக்க உங்களிடம் இருந்த 30 நாட்களில் 12 நாட்களைக் கோபத்திலேயே கழித்துவிட்டீர்கள்.

மேஸ்திரியும் கவுன்சிலரும் சொன்ன சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அனுமதி தரும் அதிகாரம் இருவருக்குமே கிடையாது. நாளைக்கு மாடியறைக்கும் சேர்த்துச் சொத்துவரி விதித்து ரசீது கொடுத்தாலும் அது அனுமதியாகிவிடாது. பக்கத்து வீட்டாரும் சந்தை மூடியிருக்கிறார் என்ற வாதத்தை என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் முதல் வரியாகச் சொல்கிறார்கள். அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு சட்டத்துக்கு உட்பட்ட செயல்களில்தான் சமத்துவம் தருகிறதே தவிர, ஒருவர் செய்த மீறலைக் காட்டி இன்னொருவர் தம் மீறலுக்கு உரிமை கோர முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. அந்த வாதத்தை எழுத்தில் வைப்பது, நீங்களும் மீறியிருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்வதில்தான் முடியும்.

சீர்செய்தல் என்ற சொல்லும் உங்களைக் காப்பாற்றாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 'வளர்ச்சி' என்பதை வரையறுக்கும்போது, கட்டடத்தின் வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்பு வேலைகளை மட்டும் விலக்கி வைக்கிறது. வெள்ளையடிப்பது, தரை ஓடுகளை மாற்றுவது, உதிர்ந்த பூச்சைச் சரிசெய்வது போன்றவை அந்த வகை. புதிய தளம், புதிய பரப்பு, வெற்றிடமாக விடப்பட்ட இடத்தில் புதிய சுவர் ஆகிய மூன்றும், அவற்றுக்கு என்ன பெயர் வைத்தாலும், அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை.

இனி அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியறையை நான் பெரிய சிக்கலாகக் கருதவில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரண உயரமுள்ள வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப்பரப்பைப் போல் இரு மடங்கு. உங்கள் மனையில் மொத்தம் 3,600 சதுர அடி வரை கட்ட அது இடம் தருகிறது, அந்த எல்லையை நீங்கள் நெருங்கியிருக்கவே மாட்டீர்கள். மாடியறை கீழ்ச்சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமல், அடித்தளம் மேல்தளத்தைத் தாங்கும் என்ற பொறியாளர் சான்றும் இருந்தால், அனுமதி இல்லாமல் கட்டியது என்ற குறை மட்டுமே அதில் மிஞ்சும். அது மனுவாலும் கட்டணத்தாலும் தீரக்கூடிய குறை.

மாடிப்படி விஷயம் நுட்பமானது. பக்கச் செட்பேக்கில், அதாவது கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்தில், எதுவுமே வரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் இல்லாத திறந்த படிக்கட்டை, பக்க எல்லையிலிருந்து அரை மீட்டர் விலகி நிற்குமானால் விதிகள் அனுமதிக்கின்றன. உங்கள் சந்து 5 அடி, அதாவது சுமார் 1.52 மீட்டர். படியின் அகலம் 3 அடி என்று வைத்துக்கொண்டால் எல்லைக்கும் படிக்கும் நடுவே சுமார் 0.6 மீட்டர் மிஞ்சும், படி தப்பித்துவிடும். ஆனால் கணக்கில் உங்களுக்கு இருக்கும் இடைவெளி நான்கு அங்குலம்தான் என்பதால், பூச்சும் கைப்பிடியும் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன, எல்லைக்கோடு காம்பவுண்டுச் சுவரின் எந்த முகத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் பத்திரத்தையும் நில அளவை வரைபடத்தையும் வைத்து, உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு அளந்துவிடுங்கள். காம்பவுண்டுச் சுவரின் மேல் எழுப்பிய செங்கல் சுவர், தகட்டுக் கூரை, படிக்கடியில் உள்ள கழிப்பறை ஆகிய மூன்றும் எந்த அளவிலும் நிற்கா. அவைதாம் திறந்த படிக்கட்டை மூடிய கட்டடமாக்கி, நியாயமாக நிற்கக்கூடிய படியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன.

ஆகவே அந்த மூன்றையும் நீங்களே அகற்றுங்கள். அதன்பின் மாடியறையையும் திறந்த படியையும் மட்டும் காட்டும் உள்ளபடியான வரைபடத்துடன், அவற்றைத் தக்கவைத்துக்கொள்ள 49-ஆம் பிரிவின்கீழ் அனுமதி மனு கொடுங்கள். நோட்டீஸில் குறித்த காலத்துக்குள் இப்படி மனுச் செய்யும் உரிமையை 56-ஆம் பிரிவே தருகிறது. மனுவின்மீது இறுதி முடிவு வரும்வரை அகற்றச் சொன்ன நோட்டீஸ் செயல்படாமல் நிற்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் நீங்கள் தேடும் தடை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பெற, காலக்கெடுவுக்குள் கொடுத்த மனுவும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் போதும். கெடு கடந்தபின் கொடுக்கும் மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே மனுச் செய்தால் அது நிராகரிக்கப்படும், நிராகரிக்கப்பட்ட அன்றே நோட்டீஸ் மறுபடி உயிர்பெறும்.

நோட்டீஸ் செயல்படாமல் நிற்கிறது என்பதை, மேற்கொண்டு கட்டலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் விபத்து. வேலையை நிறுத்தச் சொல்லும் 57-ஆம் பிரிவு உத்தரவு அப்படியே இருக்கிறது. என் கட்சிக்காரர் ஒருவர், அலுவலகம் திறக்காத சனி, ஞாயிறைப் பயன்படுத்தி இரவோடு இரவாக விளக்குப் போட்டுக் கூரைக் கான்கிரீட்டை முடித்துவிட்டு, திங்கட்கிழமை என்னிடம் வந்து வேலை முடிந்துவிட்டது, இனி என்ன செய்துவிடுவார்கள் என்று கேட்டார். எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் தேதியுடனும் நேரத்துடனும் அவருக்கு முன்பே மாநகராட்சிக்குப் போயிருந்தன. அதுவரை அபராதத்தோடு முடிந்திருக்கக்கூடிய கோப்பு சீல் வைப்பதில் முடிந்தது. பூச்சு வேலைதானே பாக்கி என்று நீங்களும் எண்ண வேண்டாம். கொத்தனாரை அனுப்பிவிடுங்கள், சிமென்ட் மூட்டைகளைக்கூட வாசலில் அடுக்கி வைக்காதீர்கள்.

அடுத்தது, எதிலும் குறுக்குவழி தெரிந்தவர்கள் சொல்லித்தரும் சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான, முதல் தளத்தோடு நிற்கும் வீட்டுக்கு, இணையவழியில் உடனடி அனுமதி தரும் திட்டத்தை அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. உங்கள் மனையும் வீடும் அந்த அளவுக்குள் வருவதால், புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லி அதில் விண்ணப்பித்துவிடலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது கட்டப் போகிறவர்களுக்கான திட்டம். நோட்டீஸில் கட்டிமுடித்ததாகப் பதிவாகியிருக்கும் அறையை, இனிமேல்தான் கட்டப் போவதாக உறுதிமொழி கொடுத்து வாங்கும் அனுமதி, பொய்யான உறுதிமொழியால் பெற்றது என்ற காரணத்தாலேயே ரத்தாகும். மாடியறையையாவது காப்பாற்றலாம் என்ற நிலையும் அதோடு போய்விடும்.

அனுமதியற்ற கட்டடங்களை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் எப்படியும் வரும், காத்திருப்போம் என்பவர்களையும் நம்பாதீர்கள். சட்டத்தின் 113-சி பிரிவின்கீழ் வந்த வரன்முறை, 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு உரியது. உங்கள் செங்கல்லில் இன்னும் ஈரம் காயவில்லை.

தடை உத்தரவு பற்றிக் கேட்டீர்கள். இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்ன தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பலர் நம்பிக்கையோடு வருகிறார்கள். அது முறையைப் பற்றிய தீர்ப்பு. உங்களுக்கு அதைவிட அதிக அவகாசத்தோடு நோட்டீஸ் வந்துவிட்டது. அதே நீதிமன்றம் அடுத்த மாதமே, மீரட் நகரக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், காலதாமதமோ அதிகாரிகளின் மெத்தனமோ செலவழித்த பணமோ அனுமதியற்ற கட்டுமானத்தைச் சட்டபூர்வமாக்கிவிடாது என்று மிகக் கடுமையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த நிலையில் நீங்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டால், அரசிடம் முறையிட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவு இருக்கும்போது நேரே இங்கே ஏன் வந்தீர்கள் என்பதுதான் அரசு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபமாக இருக்கும்.

அதைவிட மோசமானது, அந்த மனுவால் தூங்கிக்கொண்டிருக்கும் எதிராளி விழித்துக்கொள்வது. இதுவரை உங்கள் பக்கத்து வீட்டார் ஒரு புகார் மட்டுமே கொடுத்திருக்கிறார். நீங்கள் அவரைச் சீண்டினால், தம் புகாரின்மீது நடவடிக்கை எடுக்க மாநகராட்சிக்கு உத்தரவிடக் கோரி அவரும் ஒரு ரிட் மனுப் போடுவார். அத்தகைய மனுக்கள் பெரும்பாலும் முதல் விசாரணையிலேயே, சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற இரண்டு பத்தி உத்தரவுடன் முடிந்துவிடும். பார்க்க எளிய உத்தரவுதான். ஆனால் அதன்பின் உதவிப் பொறியாளரிடம் போய் அவகாசம் கேட்டுப் பாருங்கள்; நீதிமன்ற அவமதிப்பு வழக்கு தம் பெயரில் வந்துவிடும் என்று அஞ்சும் அதிகாரி, உங்கள் தக்கவைப்பு மனுவைப் பொறுமையாகப் படித்துத் திருத்தம் சொல்லும் மனநிலையில் இருக்க மாட்டார். நான் பார்த்தவரை, வீட்டை இழந்தவர்களில் பலர் விதிமீறலின் அளவால் இழக்கவில்லை, கெடு வைத்த இந்த உத்தரவை எதிராளியிடம் தூக்கிக் கொடுத்ததால் இழந்தார்கள்.

சிவில் வழக்கும் அப்படித்தான். உங்கள் மனையில் தலையிடக்கூடாது என்று உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டால், பிரதிவாதி, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞரான அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுவார். கமிஷனர் அளவையாளரோடு வந்து உங்கள் சந்தை அங்குலம் அங்குலமாக அளந்து அறிக்கை தருவார். உங்களுக்கு எதிரான சான்றை உங்கள் செலவில், உங்கள் வழக்கிலேயே தயாரித்துக் கொடுத்ததாகிவிடும். அவருடைய கார் நிறுத்தத்தைப் பற்றி எதிர்ப்புகார் கொடுத்தால் இரு வீட்டுக்கும் அளவையாளர் வருவார். இரு வீடும் சீல் வைக்கப்பட்ட தெருவை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே சமரசமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். கௌரவம் பார்க்க இது நேரமில்லை. முருங்கைக்கு வருத்தம் தெரிவிப்பதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆனால் சமரசத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதில் தெளிவு வேண்டும். அவர் புகாரைத் திரும்பப் பெற்றாலும் நோட்டீஸ் ரத்தாகாது; அது மாநகராட்சிக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள விஷயம். 'எனக்கு ஆட்சேபமில்லை' என்று அவரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் செட்பேக் சுவர் நின்றுவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். செட்பேக்கை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுதான்: உங்கள் மனு பரிசீலனையில் இருக்கும் மாதங்களில் மதுரைக்குப் பேருந்து ஏற அவருக்குக் காரணம் இருக்காது. அதற்காக எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, சுவரையும் தகட்டையும் எடுத்துவிடுகிறேன், எஞ்சியதற்கு மனுச் செய்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும்.

நோட்டீஸுக்குப் பதிலும் அனுப்புங்கள். அதில் வரலாறு வேண்டாம், பக்கத்து வீடு வேண்டாம், தெரியாமல் கட்டிவிட்டேன் என்ற மன்னிப்பும் வேண்டாம். வேலை நிறுத்தப்பட்டுள்ளது, இன்னின்ன பகுதிகள் இந்தத் தேதியில் அகற்றப்பட்டன, எஞ்சியவற்றுக்கு இந்த எண்ணில் மனுச் செய்யப்பட்டுள்ளது என்று மூன்று வாக்கியங்கள், அகற்றும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பதிவுத் தபால் ரசீது. அந்தச் சுவரை இடிக்கும் நாளைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காம்பவுண்டை ஒட்டி அவருடைய பக்கம் ஒரு தார்ப்பாயும் கட்டிவிடுங்கள். ஒரு செங்கல் அவருடைய கார்மேல் விழுந்தால் அடுத்த புகார் காவல் நிலையத்திலிருந்து தொடங்கும்.