புது பைக்கில் சைலன்சரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா? டியூனிங் செய்தே ஆக வேண்டுமா?

கடைசிக் குழலை மட்டும் மாற்றுகிறீர்களா, இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்போடு சேர்த்தா என்பதைப் பொறுத்தது.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 என்ற புகை மாசு விதிக்குப் பிறகான வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. சீரான வேகத்தில் அது சொல்வதைக் கேட்டு இசியு என்ற இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் அப்படி இல்லை. கம்பெனி எழுதிவைத்த அளவுதான் போகும். புகை தடையில்லாமல் வெளியேறிக் காற்று கூடுதலாக உள்ளே வந்து, பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடேறும். அதனால் பெண்ட் பைப்போடு முழு செட் மாற்றினால், பெட்ரோல் அளவைத் திருத்தும் டியூனிங் செய்தே ஆக வேண்டும். குழலை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தேவைப்படாது.

சரி, வாரண்டி? வெளியில் வாங்கி மாட்டிய பாகத்தால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் பொதுவாகவே எழுதிவைக்கின்றன. ஹெட்லைட் பழுதுக்குச் சைலன்சரைக் காரணம் காட்டுவது நியாயமில்லை, வாதாடலாம். பிஸ்டன், வால்வு என்று போனால் முதல் கேள்வியே சைலன்சர்தான். டியூனிங்கிற்காக இசியுவில் உள்ள அளவுகளை மாற்றி ரீமேப் செய்திருந்தால் வாதாடவே வழியிருக்காது. உங்கள் வாரண்டி புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள்.

சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் டிராக்டர் போகும். அங்கே வேண்டியது குறைந்த வேகத்து இழுவை. திறந்த சைலன்சரில் குறைவது பெரும்பாலும் அதுதான். வாரண்டி முடியும்வரை தொடாதீர்கள் என்பேன்.